ஆய்வுகூடச் சொற்களும் விஞ்ஞான நெறியும்

எத்தொழிலைக் கற்கப் புகுவோனும் முதற்கண் அத்தொழிலின் கருவிகளையும் அவற்றின் பெயர்களையும் அறிந்துகொள்கின்றான். தச்சனிடம் பயிலும் சிறுவன் உளி, சீவுளி, மூலைமட்டம் என்பவற்றைக் கையில் எடுத்துப் பழகிய பின்னரே மரத்தின் இயல்பை அறியத் தொடங்குவான். பெயரை மட்டும் அறிந்து கருவியைத் தொடாதவனும், கருவியைத் தொட்டும் அதன் பயனை அறியாதவனும் தச்சராதல் இல்லை. விஞ்ஞானம் பயில்வோர்க்கும் இது பொருந்தும்.

நம் மாணவர் பலர் விஞ்ஞானச் சொற்களைத் தேர்வுக்குரிய பாரமாகவே கருதுகின்றனர். முகவை, குடுவை, அளவி, குழாயி என வரிசையாக மனனம் பண்ணி, விடைத்தாளில் எழுதி, பின் மறந்துவிடுகின்றனர். அவதானம், கருதுகோள், முடிபு என்னும் சொற்களையோ ஒன்றற்கொன்று மாற்றி வழங்குகின்றனர். இச்சொற்கள் வெறும் பெயர்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு செயல் ஒழுங்கைத் தன்னுள் அடக்கியது. சொல்லைத் தெளிவாக அறிந்தவன் செயலையும் தெளிவாகச் செய்வான் என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்கள் வந்த வழி

விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்கும் முயற்சி ஈழத்திற்குப் புதியதன்று. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். நாட்டு மக்களுக்குப் பணிபுரிய வேண்டிய மருத்துவர் அம்மக்களின் மொழியிலேயே பயிலவேண்டும் என்னும் துணிவினால், அவர் தாமும் தமிழ் கற்று, மாணவரையும் துணைக்கொண்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அம்முயற்சியின் வழியே 1875இல் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூலும் வெளிவந்தது. தமிழில் வழங்கும் சொல் கிடைத்தவிடத்து அதனை ஏற்றும், கிடையாதவிடத்து வேற்றுமொழிச் சொல்லைத் தமிழொலிக்கு இசைய மாற்றியும் அவர்கள் நூல் செய்தனர் என்பதற்கு அந்நூலின் பெயரே சான்று.

அடுத்து 1930களிற் சென்னையில் அறிஞர் பலர் கூடிக் கலைச்சொற்களை ஆக்கினர்; அச்சொற்றொகுதி 1938இல் நூலாக வெளிவந்தது. அப்பணியில் முன்னின்றோருள் ஒருவர் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள். துறவு பூணுமுன் அவர் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராய் இருந்தவர் என்பது நினைவிற்குரியது. வகுப்பில் மாணவர்முன் நின்று கற்பித்தவர்க்கே, எச்சொல் விளங்கும், எச்சொல் விளங்காது என்பது தெரியும். பின்னர் 1950களிலும் 1960களிலும் இலங்கையின் பள்ளிகளில் விஞ்ஞானம் தாய்மொழியிற் கற்பிக்கப்பட்டபொழுது, அரசகரும மொழித் திணைக்களத்தார் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டனர். இன்று நம் மாணவர் வழங்கும் சொற்களுட் பெரும்பாலன அவ்வாறு வந்தனவே.

காட்டியும் மானியும்

ஆய்வுகூடத்துப் பெயர்களுட் பல ஈற்றினால் இருவகைப்படும். ஒருவகை ‘காட்டி’ என முடிவது. மற்றொருவகை ‘மானி’ என முடிவது. நுணுக்குக்காட்டி, தொலைகாட்டி, மின்காட்டி என்பன முதல்வகை. வெப்பமானி, பாரமானி, அம்பியர்மானி, வோல்ற்றுமானி என்பன இரண்டாம்வகை. இவ்விரு ஈறுகளும் பொருளின்றி அமைந்தன அல்ல. காட்டி என்பது, கண்ணுக்குப் புலனாகாத ஒன்றைப் புலனாக்குவது. மானி என்பது, அஃது எவ்வளவு என எண்ணால் உரைப்பது.

பொன்னிலை மின்காட்டியின் மேற்றட்டுக்கு மின்னேற்றிய கோலொன்றை அணுகச் செய்தால் அதன் பொன்னிலைகள் விரியும். மின்னேற்றம் உண்டு என்பதை அது காட்டுகின்றது. எத்துணை உண்டு என்பதை எண்ணிற் சொல்வதில்லை. அம்பியர்மானியோ, சுற்றிற் பாயும் மின்னோட்டத்தை இத்தனை அம்பியர் என அளந்து கூறும். ஆதலின் ஒரு பரிசோதனையைத் தொடங்குமுன், ‘எனக்கு வேண்டியது உண்டா இல்லையா என்னும் விடையா, எவ்வளவு என்னும் விடையா?’ என மாணவன் தன்னைத்தானே வினவுதல் வேண்டும். முன்னையதற்குக் காட்டி போதும். பின்னையதற்கு மானி வேண்டும்.

இரசாயனத்தில் அமிலத்தையும் காரத்தையும் வேறுபடுத்தி அறிவதற்குப் பயன்படும் நிறப்பொருளையும் காட்டி என்றே வழங்குகின்றோம். பாசிச்சாயம் அமிலத்திற் சிவப்பாகவும் காரத்தில் நீலமாகவும் தோன்றும். கற்பாசி வகைகளிலிருந்து எடுக்கப்படுவதாலேயே அதற்கு அப்பெயர். நம் வீட்டு வேலியில் நிற்கும் செவ்வரத்தம்பூவின் இதழை வெந்நீரில் இட்டு எடுத்த சாறும் ஒரு நல்ல காட்டியே. தேசிக்காய்ப் புளியில் அது செந்நிறங் கொள்ளும். சுண்ணாம்பு நீரிற் பச்சைநிறங் கொள்ளும். இதனைச் செய்துபார்க்க ஒரு சதமும் செலவாகாது.

கண்ணாடிக் கலங்கள்

கலங்களுள் மாணவர் பெரிதும் மயங்குவன நான்கு: முகவை, அளவுச்சாடி, அளவி, குழாயி. நான்கிலும் கோடுகள் உள்ளன. நான்கும் திரவத்தைக் கொள்வன. எனினும் நான்கின் தொழிலும் வேறு.

முகவை என்பது முகத்தற்குரியது. திரவத்தை எடுக்கவும், கலக்கவும், சூடாக்கவும் அது பயன்படும். அதன் புறத்தே உள்ள கோடுகள் ஏறத்தாழ மதிப்பிடுவதற்கேயன்றி அளப்பதற்கு அல்ல. அளவுச்சாடி ஓரளவு திருத்தமாகக் கனவளவை அளக்கும்; ஆயின் அதனைச் சுடரின்மேல் வைத்தல் ஆகாது. ஆங்கிலத்திற் பியூரெட்டு எனப்படும் அளவி, அடியில் திருகுவாயில் உடைய நெடுங்குழாய். அதன் பூச்சியக் கோடு மேலே இருக்கும். எண்கள் கீழ்நோக்கிப் பெருகும். எவ்வளவு திரவம் வெளியே சென்றது என்பதையே அது அளப்பதால் எண்கள் அவ்வாறு அமைந்தன. வேண்டிய எக்கனவளவையும் துளித்துளியாக அதிலிருந்து விடலாம். பிப்பெற்று எனப்படும் குழாயியோ, வரையறுத்த ஒரே கனவளவை மட்டும், எடுத்துக்காட்டாக 25 கன சதமமீற்றரை, ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் விடுவது. ‘அள’ என்பதிலிருந்து அளவியும், ‘குழாய்’ என்பதிலிருந்து குழாயியும் பிறந்தன. பெயரிலேயே தொழிலும் வடிவும் அடங்கியிருத்தல் காண்க.

குழாயியை வாயால் உறிஞ்சி நிரப்புதல் முன்னாளில் வழக்கமாய் இருந்தது. இன்று எவ்வாய்வுகூடத்திலும் அது தகாது. அதற்கெனச் செய்த இறப்பர்க் குமிழைப் பயன்படுத்தல் வேண்டும். குழாயியிலிருந்து திரவம் வடிந்தபின் நுனியிற் சிறிது எஞ்சி நிற்கும். அதனை ஊதி வெளியேற்றுதல் கூடாது. நுனியைக் குடுவையின் உட்சுவரிற் தொடச்செய்து எடுத்துவிட வேண்டும். பொதுவாக வழங்கும் குழாயியில் எஞ்சும் அத்துளி, கருவியைச் செய்தோராற் கணக்கிற் கொள்ளப்பட்டதே.

இக்கலங்களில் நீரின் மேற்பரப்பு ஓரங்களில் உயர்ந்து நடுவிற் தாழ்ந்து பிறைபோல் வளைந்திருக்கும். அதனைப் பிறையுரு என்பர். நீரை அளக்கும்பொழுது கண்ணைப் பிறையுருவின் மட்டத்திற்குக் கொணர்ந்து, அதன் அடிப்பாகம் எக்கோட்டிற் பொருந்துகின்றது எனக் காணல் வேண்டும்.

சுடரும் அதன் துணைகளும்

1855ஆம் ஆண்டளவில் செருமனியின் ஐடல்பேக்குப் பல்கலைக்கழகத்தில் உருபேட்டு பன்சன் என்னும் பேராசிரியர், தம் கருவித் தொழிலாளர் பீற்றர் தெசாகாவைக் கொண்டு ஓர் அடுப்பைச் செய்வித்தார். வாயுவையும் வளியையும் எரியுமுன்னரே கலக்கச் செய்தமையே அதன் சிறப்பு. அதுவே நாம் வழங்கும் பன்சன் சுடரடுப்பு. அதன் அடியிலுள்ள வளித்துளையை மூடினால் சுடர் மஞ்சளாய், ஒளியுடையதாய், கரி படியச் செய்வதாய் எரியும். துளையைத் திறந்தால் நீலமாய், ஒளி குன்றி, வெப்பம் மிகுந்து எரியும். அடுப்பை மூட்டும்பொழுது துளையை மூடியே மூட்டல் வேண்டும். ஒளியுடைய சுடர் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்; நீலச் சுடரோ பகலொளியிற் புலனாகாது கையைச் சுடும்.

சுடரடுப்பின் துணைகளுள் முக்காலி, கம்பிவலை, குறடு, புடக்குகை என்பன முதன்மையானவை. கம்பிவலையின் நடுவே முன்னாளிற் கன்னாரைப் பூசினர். அதன் தூசு நுரையீரலிற் புற்றுநோயை விளைவிக்கும் என்பது தெளிவாகியபின் இக்காலத்தில் வெண்களிப்பூச்சு உடையனவே வழங்குகின்றன. பழைய பெட்டிகளிற் கிடக்கும் வலைகளை எடுத்துப் பயன்படுத்தாதிருத்தல் நன்று. புடக்குகை என்பது மிகுந்த வெப்பத்தைத் தாங்கும் சிறு கலம். புடமிடுதலும் குகையும் நம் சித்தமருத்துவர் நன்கறிந்தவை. பழஞ்சொல்லே புதுக்கலத்திற்குப் பெயராகி நிற்கின்றது.

நெறியின் சொற்கள்

கருவிகளின் பெயரை அறிதல் எளிது. விஞ்ஞான நெறியின் சொற்களை அறிதலே அரிது. ஏனெனில் அவை கையாற் தொடத்தக்க பொருள்களைக் குறிப்பன அல்ல. அவதானம், வினா, கருதுகோள், எதிர்வுகூறல், பரிசோதனை, பெறுபேறு, முடிபு என்பன அந்நெறியின் படிகள். இவற்றை வரைவிலக்கணத்தாற் கற்பதிலும் ஓர் எடுத்துக்காட்டாற் கற்பது சிறந்தது. நம் வீடுகளிலேயே அதற்குரிய பொருள் உளது.

வலிகாமத்துச் சுண்ணாம்புக்கற் பகுதியிலே கிணற்று நீரை நாடோறும் கொதிக்கவைக்கும் கேத்தலின் உட்புறத்தைப் பாருங்கள். கடினமான வெள்ளைப் படிவொன்று பற்றியிருக்கும். இது அவதானம். ‘இப்படிவு எங்கிருந்து வந்தது?’ என்பது வினா. இவ்வினாவுக்கு விடையாகக் கூடியன பல. கேத்தலின் உலோகமே இவ்வாறு மாறியிருக்கலாம். நீரிற் கரைந்திருந்த கறியுப்பு எஞ்சியிருக்கலாம். அன்றி, நீரிற் கரைந்திருந்த வேறொரு பொருள் வெப்பத்தாற் பிரிந்து படிந்திருக்கலாம். இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு கருதுகோள். கருதுகோள் என்பது மெய்யென நிலைநாட்டப்பட்டது அன்று. மெய்யோ பொய்யோ எனச் சோதித்தற்பொருட்டுத் தற்காலிகமாகக் கொள்ளப்பட்டது. சோதித்தற்கு இயலாத கூற்று எத்துணை அழகுடையதாயினும் கருதுகோள் ஆகாது.

இனிப் பரிசோதனை. ஒரே அளவும் ஒரே வகையுமான இரு தூய கண்ணாடி முகவைகளை எடுத்து, ஒன்றில் 500 கன சதமமீற்றர் கிணற்று நீரும், மற்றதில் அதே கனவளவு மழைநீரும் இடுக. மழைநீர் வெளியிலே தூய கலத்தில் நேரே ஏந்தியதாதல் வேண்டும். சீமெந்துத் தொட்டியில் நின்ற நீர் இதற்கு ஆகாது. சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கரைந்து சேர்ந்திருக்கும். இரண்டையும் ஒரே அளவு நேரம், ஏறத்தாழ 100 கன சதமமீற்றராகக் குறையும்வரை கொதிக்கவைக்குக. கிணற்று நீர் இருந்த முகவையில் வெண்படிவு தோன்றும். மழைநீர் இருந்ததில் தோன்றாது.

இங்கே நாம் வேண்டுமென்றே மாற்றியது நீரின் வகை ஒன்றே. அது சாரா மாறி. அதனைச் சார்ந்து மாறியது படிவின் அளவு. அது சார்ந்த மாறி. கனவளவு, கலம், கொதித்த நேரம் என்பவற்றை மாறாது காத்தோம். மழைநீர் உள்ள முகவையே கட்டுப்பாடு. அஃது இல்லாவிடின், படிவு கண்ணாடியிலிருந்து வந்தது என ஒருவர் கூறின் மறுத்தற்கு நம்மிடம் ஒன்றுமில்லை. கட்டுப்பாடு என்னும் சொல்லை மாணவர் தடை என்னும் பொருளிற் கொள்கின்றனர். ஒப்புநோக்குவதற்கென வைத்த மற்றொரு பரிசோதனை என்பதே அதன் பொருள். கண்ணாடி முகவையிலும் படிவு தோன்றியமையால், கேத்தலின் உலோகமே படிவாயிற்று என்னும் கருதுகோள் வீழ்ந்தது. அப்படிவைச் சுரண்டி மழைநீரில் இட்டுக் குலுக்கினால் அது கரைவதில்லை. ஆதலின் கறியுப்பு என்னும் கருதுகோளும் வீழ்ந்தது.

எஞ்சிய கருதுகோளை மேலும் ஆராய்வோம். சுரண்டிய படிவைச் சோதனைக்குழாயில் இட்டு, ஐதான ஐதரோக்குளோரிக்கமிலத்தைச் சிறிது சேர்த்து, போக்குக்குழாய் பொருத்திய தக்கையால் மூடி, போக்குக்குழாயின் நுனியைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் அமிழ்த்துக. படிவு நுரைத்துக் கரையும். சுண்ணாம்பு நீர் பால்போல் வெண்மையாகும்.

இவ்விடத்திலேதான் நம் மாணவர் பெரும்பாலோர் தவறுகின்றனர். அவதானம் என்னும் தலைப்பின்கீழ், ‘காபனீரொட்சைட்டு வெளிவந்தது’ என எழுதுகின்றனர். காபனீரொட்சைட்டைக் கண்டவர் யார்? அது நிறமற்ற வாயு. கண்டது யாதெனின், நிறமற்ற வாயு குமிழிகளாக வெளிவந்தமையும் சுண்ணாம்பு நீர் வெண்மையானமையுமே. அவ்வாயு காபனீரொட்சைட்டு என்பது அனுமானம். கந்தகவீரொட்சைட்டும் சுண்ணாம்பு நீரை வெண்மையாக்கும். ஆனால் அது மூக்கைத் துளைக்கும் நெடியுடையது. நெடி இல்லை என்பதையும் கண்டு எழுதிய பின்னரே நம் அனுமானம் வலுப்பெறும். கண்டதைக் கண்டவாறும், கருதியதைக் கருதியவாறும் வெவ்வேறாக எழுதுதலே விஞ்ஞான நெறியின் முதற்பாடம்.

நம் முன்னோர் இவ்வேறுபாட்டை அறியாதவர் அல்லர். சைவசித்தாந்த நூல்களில் அளவைகளாகக் காட்சி, கருதல், உரை என்பன கூறப்படுகின்றன. புகையைக் காண்டல் காட்சி. அதனைக்கொண்டு தீ உண்டு எனத் துணிதல் கருதல். சமய நூலுணர்ச்சியில் உரைக்கு உயரிய இடம் உண்டு. ஆய்வுகூடத்திலோ உரை மட்டும் போதாது. ஆசிரியர் கூற்றும் பாடநூலின் கூற்றும் காட்சியாலும் கருதலாலும் சோதிக்கப்படும். 1660இல் இலண்டனில் நிறுவப்பட்ட அரச கழகத்தார், எவர் சொல்லையும் சொல் என்பதற்காகவே ஏற்பதில்லை என்னும் கருத்துடைய இலத்தீன் வாசகத்தையே தம் முத்திரையிற் பொறித்துக்கொண்டனர்.

சோதனைக்குழாயில் ஒரு குடாநாடு

மேற்கூறிய பரிசோதனையை அத்துடன் நிறுத்திவிடுதல் ஆகாது. வெண்மையான சுண்ணாம்பு நீரினூடே வாயுவைத் தொடர்ந்து செலுத்துக. சிறிது நேரத்தில் வெண்மை நீங்கி நீர் மீண்டும் தெளியும். இத்தெளிந்த நீரைக் கொதிக்கவைக்குக. வெண்மை மறுபடியும் தோன்றும்.

இம்மூன்று மாற்றங்களுக்குள் யாழ்ப்பாணத்து நிலநீரின் வரலாறே அடங்கியுள்ளது. முதலிற் தோன்றிய வெண்மை கல்சியங்காபனேற்று. நம் நிலத்தின் கீழுள்ள சுண்ணாம்புக்கல்லும் அதுவே. காபனீரொட்சைட்டு மிகுந்தபொழுது அது கல்சியம் ஐதரசன்காபனேற்றாகி நீரிற் கரைந்தது. மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் காபனீரொட்சைட்டை ஏற்று நிலத்துட் புகுந்து சுண்ணாம்புக்கல்லைக் கரைப்பதும் இவ்வாறே. நிலாவரைக் கிணறு போன்ற ஆழ்ந்த நீர்நிலைகள் நீண்ட காலமாக நிகழ்ந்த இக்கரைவினால் உண்டானவை. கொதித்தபொழுது ஐதரசன்காபனேற்றுப் பிரிந்து, காபனீரொட்சைட்டு நீங்கிக் கல்சியங்காபனேற்று வீழ்படிவாயிற்று. அதுவே நம் கேத்தலிற் படிந்தது. சுண்ணாம்புக்கல் நிலத்திலிருந்து கிணற்றிற்கும், கிணற்றிலிருந்து கேத்தலுக்கும் வந்த வழியை ஒரு சோதனைக்குழாய் நம் கண்முன் காட்டிவிட்டது.

எவ்வளவு என்னும் வினா எழுமாயின், அளவிக்கும் குழாயிக்கும் வேலை வரும். கிணற்று நீரிற் சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. அதனை வன்னீர் என்பர். மழைநீர் மென்னீர். குழாயியால் 25 கன சதமமீற்றர் நீரைக் கூம்புக்குடுவையில் எடுத்து, அளவியிலிருந்து சவர்க்காரக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குலுக்கி, இரண்டு நிமிடம் நிலைக்கும் நுரை உண்டாக எவ்வளவு கரைசல் வேண்டும் எனக் காண்க. கிணற்று நீர், கொதித்து வடிகட்டி ஆறிய கிணற்று நீர், மழைநீர் என்னும் மூன்றையும் இவ்வாறு சோதிக்குக. கொதித்த நீருக்கு வேண்டிய அளவு முன்னையதிற் குறைந்திருப்பின், அக்குறைவு தற்காலிக வன்மையைக் குறிக்கும். மழைநீரிலும் மிகுந்திருப்பின், அம்மிகுதி கொதித்தலால் நீங்காத நிலையான வன்மையைக் குறிக்கும். பெறுபேறு வீட்டுக்கு வீடு, கிணற்றுக்குக் கிணறு வேறுபடும். பாடநூலிற் காணமுடியாத விடை ஒன்றை மாணவன் தானே பெறுகின்றான்.

வழுவும் தவறும்

வழு என்னும் சொல்லை நாம் இலக்கணத்தில் அறிவோம். விஞ்ஞானத்தில் வழு என்பது, அளந்த பெறுமானத்திற்கும் உண்மைப் பெறுமானத்திற்கும் இடையிலுள்ள வேறுபாடு. கவனக் குறைவாற் செய்யும் தவறு வேறு. அளவீட்டோடு பிறக்கும் வழு வேறு. கண்ணைச் சாய்வாக வைத்து நோக்கின் உண்டாவது இடமாறு தோற்ற வழு. அளக்குமுன்னரே கருவி பூச்சியத்திற் பொருந்தாது நிற்பின் உண்டாவது பூச்சிய வழு. முன்னையதைக் கண்ணை நேராக்கிக் குறைக்கலாம். பின்னையதை அறிந்து கணக்கிற் சேர்த்தோ கழித்தோ திருத்தலாம்.

எவ்வளவு திறமையுடையோர் அளப்பினும் வழு முற்றும் நீங்குவதில்லை. ஆதலின் அளவீட்டை மும்முறை செய்து சராசரி காண்கின்றோம். மூன்றும் சிறிது வேறுபடுவது இயல்பு. வேறுபாட்டை மறைத்து மூன்றையும் ஒன்றாக எழுதும் மாணவன் நல்ல பெறுபேற்றைப் பெற்றவன் அல்லன், வாய்மையை இழந்தவன். எதிர்பார்த்ததற்கு மாறான பெறுபேற்றையும் உள்ளவாறு பதிவு செய்தல் வேண்டும். பதிவேட்டில் அழித்தெழுதுதல் கூடாது. ஒரு கோட்டால் அடித்து, அருகே திருத்தி எழுதுதலே முறை.

ஒரு சொல், இரு பொருள்

நம் மாணவர் இக்காலத்திற் தமிழ்நாட்டு நூல்களையும் பெரிதும் பயன்படுத்துகின்றனர். அது நன்றே, ஆயின் ஓர் எச்சரிக்கை வேண்டும். நாம் பௌதிகவியல் என்பதை அவர்கள் இயற்பியல் என்பர். நம் இரசாயனவியல் அவர்களுக்கு வேதியியல். நம் மூலகம் அவர்களுக்குத் தனிமம். நம் சேர்வை அவர்களுக்குச் சேர்மம். நம் நுணுக்குக்காட்டி அவர்களுக்கு நுண்ணோக்கி. சொல் வேறாயினும் பொருள் ஒன்று. சிறிது முயன்றால் விளங்கிவிடும்.

சொல் ஒன்றாய்ப் பொருள் வேறாதலே இடர் தருவது. ‘நிறை’ என்பதை நாம் புவி ஒரு பொருளை ஈர்க்கும் விசையின் பெயராக வழங்குகின்றோம். பொருளிலுள்ள சடத்தின் அளவைத் திணிவு என்கின்றோம். தமிழ்நாட்டு நூல்களிலோ நம் திணிவே நிறை. நம் நிறை எடை. அவ்வாறே ‘வேகம்’ என்பது நம் நூல்களிற் திசையோடு கூடிய கணியம். திசையில்லாததைக் கதி என்கின்றோம். அவர்கள் நூல்களில் நம் கதியே வேகம். நம் வேகம் திசைவேகம். இதனை அறியாது இருநாட்டு நூல்களையும் கலந்து பயிலும் மாணவன், கணக்கை அறிந்தும் விடையைத் தவறவிடுவான். திணிவைக் கிலோகிராமிலும் நிறையை நியூற்றனிலும் அளக்கின்றோம் என்பதைக் கடைப்பிடித்தால் மயக்கம் நீங்கும். சொல் மாறினும் அலகு மாறுவதில்லை. எந்நூலை எடுப்பினும் அச்சொல்லுக்கு அருகே நிற்கும் அலகைப் பார்த்துப் பொருள் கொள்க.

முடிவுரை

ஒரு சொல்லைக் கற்றலின் நிறைவு, அச்சொல் குறிக்கும் செயலை ஒருமுறையேனும் தன் கையாற் செய்தலிலே உள்ளது. ஆய்வுகூடம் இருந்தும் பரிசோதனைகள் கரும்பலகையிலே நடைபெறும் பள்ளிகள் உண்டு. அங்கே கூம்புக்குடுவை ஒரு படம். பிறையுரு ஒரு வளைகோடு. அவதானம் ஆசிரியர் சொல்ல எழுதுவது. அவ்வாறு பயின்றவர் சொற்களை உடையவரேயன்றி விஞ்ஞானத்தை உடையவர் அல்லர்.

1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் பள்ளிகள் பல இடம்பெயர்ந்தன. ஆய்வுகூடங்களும் கருவிகளும் அழிந்தன. அவற்றுட் பல மீண்டும் எழுந்துள்ளன. பழைய மாணவர்கள் தம் கல்லூரிகளுக்குக் கட்டடங்களை அன்போடு அமைத்துக் கொடுக்கின்றனர். கட்டடத்தோடு ஆண்டுதோறும் உடையும் சோதனைக்குழாய்களுக்கும், தீரும் அமிலத்திற்கும், கசியும் அளவித் திருகுவாய்களுக்கும் வேண்டிய சிறு தொகையை ஒதுக்குவாராயின், அது பெருங்கொடையாகும். கருவி உடைந்துவிடும் என அஞ்சி அலுமாரியிற் பூட்டிவைக்கும் நிலை அப்பொழுதுதான் நீங்கும். உடையாத சோதனைக்குழாய் பயன்படாத சோதனைக்குழாயே.

மாணவர்க்குக் கூறவேண்டியது ஒன்றே. நாளை ஆய்வுகூடத்தினுட் புகும்பொழுது, மேசைமேல் உள்ள ஒவ்வொரு கருவியையும் கையில் எடுத்து அதன் பெயரைச் சொல்லுக. அதன் தொழில் காட்டுவதா, அளப்பதா, தாங்குவதா, சூடாக்குவதா என வினவுக. பின் பதிவேட்டைத் திறந்து, கண்டதை ஒருபுறமும் கருதியதை மறுபுறமும் எழுதுக. இப்பழக்கம் கைவந்தோர் பின்னர் மருத்துவராயினும், பொறியியலாளராயினும், கமக்காரராயினும், வணிகராயினும், கேட்டதையெல்லாம் நம்பும் மடமையினின்றும் கண்டதையும் மறுக்கும் பிடிவாதத்தினின்றும் தம்மைக் காத்துக்கொள்வர்.